சாலையோரத்து வெள்ளை

ஒரு மனிதர் காலில் செருப்போடு வயலுக்குள் நிற்பதைப் பார்த்து யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்காருவார்களா? நான் உட்கார்ந்தேன். மாசி மாதம், உச்சி வெயில். கையில் பால் பவுடர் டின் வைத்திருந்தேன். அது எப்போது கை நழுவி விழுந்தது என்று தெரியாது. கால் விரல் வலித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

அந்த மனிதரைத் தெரிந்தவர்களுக்கு என் திகைப்பு புரியும். தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உத்திரமேரூர் பிளாக் ஆபீஸில் அவர் கிராம சேவக், ஊர் ஊராகப் போய் விவசாயம் சொல்லித் தருவது அவர் வேலை. ஊர்க்காரர்களுக்கு 'சேவக்கு'. மானாம்பதி ரோட்டில் ஏரிக்குக் கீழே குடியிருந்த இருளர்களுக்கு 'மண்ணு சார்'. நான் அதே ஆபீஸில் கிராம சேவிகா. புகையில்லா அடுப்பு போடச் சொல்லித் தருவது, மாதர் சங்கம் கூட்டுவது, பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பது என் வேலை. காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். மண் என்றால் புடவைக் கரையில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் ஒரு பொருள், அவ்வளவுதான் அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தகரக் கரண்டியின் காம்பு எட்டிப் பார்க்கும். போகிற வழியில் எங்கேயாவது சைக்கிளை நிறுத்தி, அந்தக் கரண்டியால் மண்ணைக் கிள்ளி எடுத்து முகர்ந்து பார்ப்பார். வயலில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். கையில் எடுத்த செருப்பை எங்காவது வரப்பில் வைப்பார், பேச்சு சுவாரசியத்தில் அப்படியே மறந்து வந்துவிடுவார். இந்த பிளாக்கில் அவருடைய செருப்பு கிடக்காத ஊர் கிடையாது என்று ஜீப் டிரைவர் கேலி செய்வார். ஒரு முறை எங்கள் பெரிய அதிகாரி பி.டி.ஓ. வரப்பில் நின்றபடி சிகரெட்டை வயலுக்குள் சுண்டிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க இவர் இறங்கிப் போய் அந்தத் துண்டைப் பொறுக்கி, துடைத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பி.டி.ஓ. முகம் அன்று போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் அவருடைய கிறுக்கில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கும் ஒரே சொல்லில் இருந்தது. 'வந்து பாருங்க.'

அவரால் ஒரு நல்ல மண்ணைத் தனியாகப் பார்க்க முடியாது. எந்த வயலிலாவது தழை மக்கி மண் பொலபொலவென்று வந்திருந்தால், ரோட்டில் போகிற ஆளை நிறுத்தி, "வந்து பாருங்க" என்பார். உரம் போடுகிறவன், போடாதவன், நிலம் இருக்கிறவன், இல்லாதவன், எந்தக் கணக்கும் கிடையாது. வளையல் விற்கிறவரைக்கூட ஒரு நாள் பெட்டியோடு வயலில் இறக்கிவிட்டார். அந்த ஆள் பாவம், எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் மண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். மானாம்பதியில் ஒரு கல்யாணத்தில் எங்கள் ஆபீஸ் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் இவர் இலை காலி. எங்கே என்று பார்த்தால் கொல்லைப் பக்கம் எருக்குழியில் முழங்கால் வரை இறங்கி நின்று, "பந்தி அப்புறம் ஆகட்டும், இங்க வந்து பாருங்க" என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாள் ஆபீஸில், உங்களுக்கு வெட்கமே கிடையாதா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கம்மா. பார்த்தா நம்புவாங்க" என்றார். பயிற்சி முகாமில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான். செய்து காட்டு, கூட்டி வந்து காட்டு. மற்ற சேவக்குகளுக்கு அது பாடம். இவருக்கு அது ரத்தத்தில் ஏறிவிட்டது.

இருளர்களுக்கு நிலம் வந்தது பூதானக் காலத்தில். அதற்கு முன்னால் அவர்கள் ஊர்க்காரர்களின் வயலில் எலி பிடிப்பார்கள், தோப்புக் காவல் காப்பார்கள், பாம்பும் மூலிகையும் தேடிக்கொண்டு போவார்கள். சொந்தமாக உட்கார ஓர் இடம் கிடையாது. அந்தப் பக்கத்தில் பெரிய நிலக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் 'பெரிய வூட்டுக்காரர்' என்பார்கள். பூதானக்காரர்கள் வந்து கூட்டம் போட்டு, இல்லாதவர்களுக்கு நிலம் தானமாகக் கேட்டபோது, கைதட்டலுக்கு நடுவே எழுந்து, ஏரிக்குக் கீழே ரோட்டை ஒட்டிய துண்டை இருளர்களுக்குக் கொடுத்தேன் என்றார். வாயால் கொடுத்ததுதான். பதிவு செய்து கொடுக்கிறேன் என்றவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அது வெறும் களர். ஏரிக் கசிவு அடியில் நின்று, வெயில் காலத்தில் உப்பு மேலே பூத்து, தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு கொட்டி வைத்தது போல இருக்கும். ஆடு கூட அதில் நிற்காது.

அந்த இடத்தைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். வடிகால் வெட்டி, மேலே பூத்த உவரைச் சுரண்டி எடுத்து, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து, தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு போட்டு மிதித்தால் இது நெல் விளையும் மண் என்றார். அந்த மக்கள் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள், கேட்டுவிட்டு எலி பிடிக்கப் போனார்கள். இவர் மறுபடி போனார். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் போனார்கள். கடைசியில் கன்னியம்மா என்ற பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாய்த் துடுக்கு அதிகம். அந்தக் குடியிருப்பில் பெரிய காரியம் எதுவானாலும் கன்னியம்மன் உத்தரவு வேண்டும், அம்மன் வருவது அவள் மேல்தான். "எங்களாண்ட சொல்லி இன்னா சார் பண்ணுவ? ஆத்தாகிட்ட வந்து சொல்லு" என்றாள்.

வேறு ஆபீஸர் யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லை முறைத்திருப்பார்கள். இவர் ஆடி மாதத்தில் குளித்துவிட்டு நெற்றியில் விபூதியோடு வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் ஏழு கல், அதுதான் கோயில். பம்பை அடித்தார்கள். கன்னியம்மாவுக்கு உடம்பு முறுக்கிக்கொண்டு அம்மன் வந்தது. இவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கசிவு எங்கிருந்து வருகிறது, வடிகால் எந்தப் பக்கம், தண்ணீர் எந்த ஓடையில் போய் விழும் என்று மண்ணில் விரலால் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தார். ஆபீஸில் பி.டி.ஓ.வுக்கு விளக்குவாரே, அதே குரல், அதே நிதானம். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அம்மன் எல்லாவற்றையும் கேட்டது. கடைசியில் தலைமுடியை விலக்கி அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டது.

"வெளைஞ்சா யாரு துன்றது?"

"இவங்கதான் ஆத்தா" என்றார் அவர்.

"இவங்கதானா?"

"இவங்கதான். வேற யாரும் இல்ல."

அம்மன் விபூதி கொடுத்தது. எனக்குச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும்படி அந்த மக்களுக்கு எத்தனை அனுபவம் இருந்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை, அவரும் யோசித்திருக்க மாட்டார். அவருக்கு விபூதி கிடைத்ததே போதும். மறுநாளே மண்வெட்டியோடு போய் நின்றார்.

அதற்குப் பிறகு அந்த மக்கள் உழைத்த உழைப்பை எழுதினால் நீளும். வடிகால் வெட்டினார்கள். மேல் உவரைச் சுரண்டிக் கூடை கூடையாக மூலையில் கொட்டினார்கள். அது வெள்ளைக் குன்று மாதிரி ஏறியது. உவர்மண் போட்டுத் துணி வெளுக்கிறவர்கள் உத்திரமேரூரிலிருந்து கழுதையோடு வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், அப்படியும் அது குறையவில்லை. ஆவாரையும் எருக்கும் வேப்பந்தழையும் தலைச்சுமையாக வந்தன. முதல் வருஷம் போட்ட பயிர் வந்த வேகத்தில் கருகியது. கன்னியம்மாவின் புருஷன், போதும் சார், எங்களை எலி வளைக்கே விட்டுடு என்றான். இவர் அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார், அவன் சம்மதிக்கும் வரை எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வருஷம் தக்கைப்பூண்டு இடுப்பு உயரம் நின்றது. அதற்கும் அடுத்த ஐப்பசி மழையில் நட்ட நெல், மார்கழியில் பால் பிடித்துச் சாய்ந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாத நானே குனிந்து ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தேன்.

அப்புறம் என்ன? அவரைக் கையில் பிடிக்க முடியுமா? சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வாலாஜாபாத் ரைஸ் மில்லில், சந்தையில், பஸ் கண்டக்டரிடம், கூரத்தில் யார் வீட்டுத் துக்கத்துக்கோ போன இடத்தில், எல்லா இடத்திலும் அதே பேச்சு. களத்து மேட்டில் வயல் விழா, வந்து பாருங்க. பெரிய வூட்டுக்காரர் வீட்டுக்கும் தானே போய் அழைத்தார். கன்னியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவரை எதற்கு சார் கூப்பிடுகிறாய் என்று கேட்டிருக்கிறாள். நிலம் கொடுத்தவர் பார்த்தால் சந்தோஷப்படுவாரே என்று இவர் சொல்லியிருக்கிறார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். உலகத்தில் யாரும் ஒரு நல்ல மண்ணைப் பார்த்தால் சந்தோஷம் தவிர வேறு எதுவும் அடைய முடியாது என்பது அவர் எண்ணம்.

விழாவுக்கு நல்ல கூட்டம். பந்தல், பி.டி.ஓ. பேச்சு, வந்தவர்களுக்கு நாஷ்டா எல்லாம் உண்டு. பெரிய வூட்டுக்காரர் கடைசியில் வந்தார். நேரே வயலுக்குள் இறங்கினார். குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார், நசுக்கினார், முகர்ந்தார். இவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பையன் முகம். பெரிய வூட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே, "நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம் கையிலிருந்த மண்ணைக் கீழே போடாமல் துண்டு முனையில் முடிந்துகொண்டு கிளம்பினார். நான் அதைப் பார்த்தேன். கன்னியம்மாவும் பார்த்தாள். அவள் முகம் கறுத்துப்போனது.

பொங்கலுக்கு முன்னாலேயே பெரிய வூட்டு ஆள் வந்துவிட்டான். அறுப்பு அறுத்துக்கொள்ளுங்கள், பங்குனியில் ஐயா வந்து அளந்து எடுத்துக்கொள்வார், உங்களுக்குக் குன்றுப் பக்கம் மாற்று நிலம் தருவார் என்று சொல்லிவிட்டுப் போனான். குன்றுப் பக்கம் என்றால் பாறை. நான் கேள்விப்பட்டவுடன் ஆபீஸுக்கு ஓடினேன். இவர் அங்கே பி.டி.ஓ. முன்னால் நின்றுகொண்டிருந்தார். பி.டி.ஓ. கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். பதிவு ஆகாத நிலத்துக்கு நாம் என்னய்யா பேசுவது, அந்த மனுஷன் நாளைக்கு எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போட்டால் என்ன செய்வது என்றார். பூதான போர்டு பார்க்கலாம், கோர்ட்டு பார்க்கலாம் என்று இவர் சொல்லிப் பார்த்தார். பங்குனிக்குள் எது நடக்கும்? பெரிய வூட்டுக்கும் இவர் போனார். உள்ளே கூப்பிடவில்லை, வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. ஆபீஸில் எல்லோரும் கவனித்தோம். ரோட்டோரம் யார் வயலையும் பார்க்கச் சைக்கிளை நிறுத்தவில்லை. ஜீப் டிரைவர் ஒரு முறை சிரிப்புக் காட்ட நினைத்து, "சார், அங்க ஒரு எருக்குழி கீது, வந்து பாருங்க" என்றார். இவர் தலை நிமிரவில்லை.

அறுப்பு முடிந்தது. நெல் நன்றாகவே கண்டது, அதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை. மாசி மாதம் ஒரு நாள், பால் பவுடர் டின்னைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போனபோதுதான் முதலில் சொன்ன அந்தக் காட்சியைப் பார்த்தேன்.

ரோட்டை ஒட்டிய வயல்களில் அவர் நிற்கிறார். சட்டை இல்லை. தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை. மூலையில் இருந்த அந்த வெள்ளைக் குன்றிலிருந்து உவரை வாரி வாரி எடுத்து வந்து வயலில் இறைக்கிறார். அந்த மக்கள் பட்ட பாடெல்லாம் சேர்ந்து கறுப்பாகிக் கிடந்த மண்ணின் மேல் உப்பை இறைக்கிறார். அந்தப் பக்கம் வடிகாலின் வாயை இரண்டு ஆண்கள் மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். கசிவுத் தண்ணீர் மெல்லத் திரும்பி வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவர் காலில் செருப்பு. அந்தச் செருப்புக் காலால் உவரை மிதித்து மிதித்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார்.

இந்த மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பெற்ற பிள்ளையின் கழுத்தை நெரிக்கிற ஆளைப் பார்ப்பது போல இருந்தது. நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். உப்புத் தூசியில் இமை கூட வெளுத்திருந்தது. அடுத்த கூடைக்குத் திரும்பிப் போனார்.

கன்னியம்மாதான் ஓடி வந்து, வரப்பில் உட்கார்ந்துவிட்ட என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய புருஷன் வேப்பமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கூடையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

"நல்ல மண்ணா இருந்தா எட்த்துக்குவாரு" என்றாள் அவள். "கெட்ட மண்ணா இருந்தா யாருக்கு வோணும்? ரோட்டாண்ட கீறத மட்டும் கெடுக்கிறோம். பின்னாடி கீறத தொடல. பின்னாடியும் தண்ணி ஏறும், வெயிலுக்கு வெளுத்துக் காட்டும். அவுரு பாத்துட்டுப் போன பின்னாடி வடிகாலத் தொறந்து உட்டா மூணு போகத்துல திரும்பிடுமாம். சார் சொல்லுது."

சாரே சொல்லிவிட்டாரா? எனக்கு நம்ப முடியவில்லை. அம்மனிடம் கேட்டீர்களா என்றேன்.

"சாரும் அதான் கேட்டாரு, ஆத்தாகிட்ட உத்தரவு வாங்கணுமேன்னு. அன்னிக்கே ஆத்தா கேட்டுச்சே, வெளைஞ்சா யாரு துன்றதுன்னு. இவுரு வாய தொறந்து சொன்னாரே. அந்த வார்த்தைக்குத்தான் இத பண்ணிக்கினு கீறோம். மறுபடி எதுக்குக் கேக்கணும்?"

அவர் கூடையோடு எங்கள் பக்கம் வந்தபோது, செருப்பு எதற்கு என்று மட்டும் கேட்டேன். கேட்கவேண்டிய கேள்வி ஆயிரம் இருந்தது, வாயில் வந்தது அதுதான். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"வெறுங்காலோட இதைச் செய்ய முடியலம்மா" என்றார்.

பங்குனியில் பெரிய வூட்டுக்காரர் அளக்கிற ஆட்களோடு வந்தார். எல்லோரையும் போல நானும் போய் நின்றேன். ரோட்டிலிருந்து வயல் வரை ஒரே வெள்ளை. வெயில் பட்டுக் கண் கூசியது. ஓரத்தில் கால் வைத்தவர் சேறு ஏறிப் பின்வாங்கினார். இன்னாய்யா இது, மார்கழியில் நெல் நின்னுதே என்று சேவக்கைக் கேட்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, இந்தக் களர் அப்படித்தானுங்க, ஒரு போகம் கொடுத்து ஆசை காட்டும், அப்புறம் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிடும், எவ்வளவு செய்தாலும் நிற்காது, நான்தான் அவசரப்பட்டு விழா வைத்துவிட்டேன் என்றார். மண்ணைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் அது. ஒரு வார்த்தை தடுமாறவில்லை. பெரிய வூட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட வந்தவர்களிடம் திரும்பிச் சிரித்தார்.

"இதுக்குத்தான் பந்தல் போட்டு நாஷ்டா குடுத்தானா? வாணாம்யா. அவனுங்களே வெச்சிக்கினு அழட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பி.டி.ஓ.வும் சிரித்தார். உவர் மண்ணில் நெல் விளைவித்துக் காட்டியவர் என்று ஜில்லா முழுக்கப் பேசப்பட்ட மனிதர், ஊர் நடுவில் ஏமாற்றுக்காரர் மாதிரி தலை குனிந்து நின்றார். அந்தச் சிரிப்பு பஸ்ஸேறி வாலாஜாபாத் வரை போனது. அவர் வளையல்காரரிடமும் கண்டக்டரிடமும் சொல்லி வைத்திருந்தாரே, அவர்கள் எல்லோர் வாயிலும் இப்போது அது கதை. உண்மை தெரிந்த ஒரே ஆபீஸ் ஆள் நான். என்னாலும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் நிலம் போய்விடும். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபத்தை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் விழுங்கியதில்லை.

சித்திரையில் அவருக்கு மாற்றல் வந்தது. வடக்கே எங்கேயோ ஒரு மூலை பிளாக். தோற்ற சேவக்குக்குத் தருகிற இடம். அவர் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். வேறு எந்த வயலுக்கும் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை.

நானும் கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கே திரும்பிவிட்டேன். சில வருஷங்களுக்குப் பிறகு மானாம்பதியில் ஒரு சடங்குக்குப் போக பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்தது. வெள்ளை. ரோட்டை ஒட்டி அப்படியே சுண்ணாம்பு கொட்டினாற்போல வெள்ளை, அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கள்ளி வேலி. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மூன்று போகத்தில் திரும்பும் என்றாரே, மனிதர் தன் பெயரையும் கெடுத்து மண்ணையும் கெடுத்து ஒன்றும் மிஞ்சவில்லையா என்று தாங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

கள்ளி வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. நுழைந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். ஏரிக்கரை வரைக்கும் நெல். காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது. வடிகாலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கால் செருப்பை எப்போது கழற்றினேன் என்று எனக்கு நினைவில்லை, கையில்தான் இருந்தது.

கன்னியம்மா என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். காதோரம் நரைத்திருந்தது, வாய் மட்டும் அப்படியே. பதிவு ஆனதா என்று கேட்டேன். இல்லை. பெரிய வூட்டுக்காரரின் மகன் இப்போது பொறுப்பில் இருக்கிறான், கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். அதனால் ஒவ்வொரு மாசியிலும் ரோட்டோரத்து வயலுக்கு மட்டும் உவர் சுமந்து கொட்டுகிறார்களாம், ஊரே பார்க்கிற மாதிரி. அது அவர்களுக்கு இப்போது ஒரு நோன்பு மாதிரி ஆகிவிட்டது. முதல் கூடையைக் கொட்டுவது அவளுடைய புருஷன்தானாம், அன்றைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அதே ஆள்.

"மண்ணு சார் வந்து பாத்தாரா?" என்றேன்.

"ஒரு தபா கூட வரலமா. போறப்போ சொல்லிட்டுத்தான் போனாரு. நான் வந்தா சும்மா பாத்துட்டுப் போவமாட்டேன், நாலு பேர இட்டாந்துடுவேன், என் வாயி அப்பிடின்னு."

அவள் குனிந்து வடிகாலில் அடைத்துக்கிடந்த ஒரு தழையை எடுத்து வெளியே போட்டாள்.

அவரை நான் அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். வாலாஜாபாத் ரயில் ஸ்டேஷன். செங்கல்பட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து எழுந்தார். சட்டைப் பையில் அந்தத் தகரக் கரண்டியின் காம்பு. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். வண்டி புறப்படும் நேரம் ஆகும் வரை வேறு எதுவும் கேட்கவில்லை. விசில் ஊதியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"மானாம்பதி ரோட்டுப் பக்கம் போனீங்களா? ரோட்டோரம் எப்படி இருக்கு?"

"அப்படியே வெள்ளையா இருக்கு சார்."

அவர் முகம் மலர்ந்தது. அந்தப் பழைய முகம், வயல் விழாவில் பார்த்த அதே முகம்.

"அதுக்குப் பின்னாடி..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார். கண் நிறைந்துவிட்டது.

"வேணாம், சொல்லாதீங்கம்மா. சொன்னீங்கன்னா, இந்த வண்டியில இருக்கிற அத்தனை பேரையும் இறக்கிக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."